டூகல் கெடிஸின் பின்வீச்சு

1983ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில் டூகல் கெடிஸ் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் தொடையளவு தண்ணீரில் நின்றபடி பின்னால் வீசிய தூண்டில் நூல், நேராக நீண்டு முடிய ஒன்பது ஆண்டும் இருபத்துமூன்று நாளும் எடுத்துக்கொண்டது. அதுவரை அவன் ஆற்றைவிட்டு வெளியே வரவில்லை. அந்த மே மாதத்தில் மழை குறைவாக இருந்தது, ஆட்டுக்குட்டிகள் நல்ல எடையில் இருந்தன, எங்கள் ஊரான டால்வாரனின் பாலத்துக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். எங்கள் ஊரில் அந்த ஆண்டைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

டூகலும் அவன் மனைவி இஷ்பெலும் ரயில் வராமல் மூடிக்கிடந்த எங்கள் ஸ்டேஷன் கட்டடத்தில் ஒரு பள்ளி நடத்தினார்கள். மீன் பிடிக்கக் கற்றுத்தரும் பள்ளி அல்ல. அதைக் கற்றுத்தரப் போகும் ஆசிரியர்களுக்கு நூல் வீசக் கற்றுத்தரும் பள்ளி. பிளாட்பாரத்தை ஒட்டிய புல்வெளியில் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, ஒரு மீன்கூட இல்லாத புல்லின் மேல் நாள் முழுக்க நூல் வீசுவார்கள். இஷ்பெல் வீசினால் நூல் காற்றில் கொண்டை ஊசிபோல் ஒடுக்கமாக மடிந்து, அந்த மடிப்பு உருண்டுகொண்டே போய், கடைசியில் நூல் சத்தமில்லாமல் நேராகும். அது ஏன் அப்படி மடிந்தது, எந்த இடத்தில் கை நின்றதால் மடிந்தது என்பதை டூகல் சொல்வான். அவள் அளவுக்கு அவனுக்கு வீச வராது. அவன் அளவுக்கு அவளுக்குச் சொல்ல வராது. பத்தொன்பது வருடம் அப்படித்தான் ஓடியது.

டூகல் சொல்லித்தந்ததன் சாரம் இதுதான். இறகும் பட்டும் சுற்றிக் கட்டிய சிறு கொக்கியை அந்தத் தொழிலில் ஈ என்பார்கள். ஈக்கு எடை கிடையாது. எடையில்லாததைத் தூக்கி எறிய முடியாது. அதனால் நூலின் எடையைத்தான் வீசவேண்டும். முன்னால் போகவேண்டிய நூலை முதலில் பின்னால் அனுப்பவேண்டும், அது முழுக்க நீளும்வரை கை அசையாமல் காத்திருக்கவேண்டும். நூல் நீண்டு முடிந்த அந்த நொடியில் அதன் பாரம் தூண்டில் கோலை வளைக்கும். அப்போதுதான் முன்வீச்சு. அதற்குள் கை தன்னையறியாமல் முன்னால் நகர்ந்துவிட்டால் அதற்கு முந்தல் என்று பெயர். ஆயிரம் பேரில் தொள்ளாயிரம் பேருடைய குற்றம் முந்தல்தான் என்பான் டூகல். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்டால், நூல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் என்பான்.

அந்த மார்ச் கடைசியில் நோர்வேயின் மேற்குக் கரையில் ஹெக்ராவிக் என்ற ஊரிலிருந்து இஷ்பெலுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. போர்ஹில்ட் என்ற பெண்மணி அங்கே புதிதாக ஒரு பள்ளி தொடங்குகிறாள், தலைமை ஆசிரியையாக இஷ்பெல் வரவேண்டும் என்று கேட்டிருந்தாள். இஷ்பெல் ஒரே நாளில் முடிவெடுத்தாள். டூகல் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அவள் கடைசித் தடவையாகக் கேட்டாள்.

"நான் போறேன். அது முடிஞ்சுபோன விஷயம். நீ வர்றியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"யோசிக்கணும் இஷ்பெல்."

"ஏழு வாரமா யோசிக்கிற. இந்நேரம் ஒரு கோழி ரெண்டு தடவை அடைகாத்து எழுந்திருக்கும்."

"ஒரே ஒரு வீச்சு வீசிட்டு வந்து சொல்றேன்."

"ஒண்ணுதான்."

"சத்தியமா ஒண்ணுதான்."

அவன் ஒற்றைக்கைக் கோலை எடுத்துக்கொண்டு போனான். பொய் சொல்லவில்லை. ஒரு வீச்சுதான் வீசினான். மேற்குக் கரையைப் பார்த்து நின்று, நூலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பின்னால் அனுப்பி, கையைக் காதருகே நிறுத்தினான். நூல் மடிந்தது. மடிப்பு பின்னால் உருளத் தொடங்கியது, ஆனால் நத்தை ஊர்வதுபோல. பகல் பன்னிரண்டு மணிக்கு இஷ்பெல் தேடிக்கொண்டு வந்தபோது அது கரையோரத்து ஆல்டர் மரத்தைத்தான் தாண்டியிருந்தது. கோலின் அடியில் மாட்டிய சுருளில் இருந்த நூல் கொஞ்சம் கொஞ்சமாக வளையங்களின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சுருள் மட்டும் குறையவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "பதில் சொல்லாம தப்பிக்க ஆத்தையே சாக்கா வச்சிட்டியா?" என்று கரையிலிருந்து கத்தினாள். பிறகு கால்சட்டையோடு தண்ணீரில் இறங்கி வந்து அவன் மணிக்கட்டைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள், கோலின் நுனி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தாள். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் வாழ்க்கையில் வீசியதிலேயே நல்ல பின்வீச்சு அது. அதுதான் அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது என்று பின்னாளில் சொன்னாள்.

"வாயாலயாவது சொல்லேன். வாய்க்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?"

"இப்ப நான் எதைச் சொன்னாலும் அது முந்தலாத்தான் இருக்கும்" என்றான் டூகல். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. உண்மையிலேயே அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஆற்றைவிட்டுப் போக பயம், அவளை விட்டுவிடவும் பயம். இரண்டு பயமும் ஒரே எடையில் இருந்தன.

ஊர் பழகிக்கொண்டது. காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இஷ்பெல் கஞ்சியோ மீன் சூப்போ கொண்டுபோவாள், அவன் இடது கையால் சாப்பிடுவான். குதிரைகள் போல நின்றபடியே தூங்கினான். ரப்பர் காலுறை ஓட்டையானபோது, பழையதை நீளவாக்கில் வெட்டியெடுத்துவிட்டு, புதியதை அவன் காலைச் சுற்றி வைத்து ஓரங்களை ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மன் மீன் பிடிக்கக்கூடாது என்பது எங்கள் நாட்டுச் சட்டம். இரண்டாவது ஞாயிறே பாதிரியார் கான்ஸ்டபிள் ரேபர்னை அழைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். ரேபர்ன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, ஈ தண்ணீரில் இல்லை, தண்ணீரில் இருப்பது ஆள்தான், ஆள் தண்ணீரில் நிற்பதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று முடிவு சொன்னார். மீன்பிடி காலம் முடிந்த அக்டோபரிலும் அதே முடிவுதான் செல்லுபடியானது.

பாடமும் நிற்கவில்லை. வீசிக் காட்ட முடியாததால் டூகலுக்குச் சொல் மட்டுமே மிச்சம். மாணவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் முதுகைக் காட்டியபடியே பேசுவான். மடிப்பின் மேல் இழை, கீழ் இழை, இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோணல், அது எந்த அவசரத்தால் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வான். அந்த வருடங்களில் எங்கள் ஊரிலிருந்து ஆசிரியர் சான்றிதழ்த் தேர்வுக்குப் போனவர்களில் ஒருவர்கூடத் தோற்கவில்லை.

1984 ஆகஸ்ட்டில் ஆசிரியர் சங்கத்தின் தேர்வாளர் ஆர்மரோட் லங்காஷயரிலிருந்து வந்தார். டூகலின் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டிய வருடம் அது. மனிதர் ஒல்லி, கையில் அட்டை, காதில் பென்சில். மூன்று நாள் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கை ஒரு நூலளவாவது முன்னால் நகர்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை.

"நீங்க இப்ப செஞ்சிட்டிருக்கறதுக்குப் பேரென்ன, மிஸ்டர் கெடிஸ்?"

"காத்திருப்பு, ஐயா."

"கால அளவு?"

"நூல்தான் சொல்லணும்."

ஆர்மரோட் அட்டையில், காத்திருப்பு: திருப்தி, முன்வீச்சு: இன்னும் பார்க்கவில்லை, என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்த அக்டோபரில் இஷ்பெல் நோர்வேக்குப் போனாள். போர்ஹில்ட் ஒன்றரை வருடம் இடத்தைக் காலியாக வைத்திருந்தாள். இனியும் வைக்க முடியாது என்று எழுதிவிட்டாள். நூலின் மடிப்பு அப்போது ஊரைக் கடந்து, தேவாலயக் கூரையைக் கடந்து, மதுவடிப்பு ஆலையின் புகைபோக்கிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. இஷ்பெல் பெட்டியைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். அவனால் பார்க்க முடிந்த திசை அது ஒன்றுதான்.

"நான் போறேன் டூகல். இது முந்தல்னு நீ சொன்னா சொல்லிக்கோ."

"சொல்லமாட்டேன். உன் நூல் நேராயிடுச்சு. உனக்கு நேரம் வந்தாச்சு."

"உனக்கு?"

அவள் அவன் தாடியைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள், கொஞ்சம் வலிக்கும்படியே. பிறகு கரையேறிப் போய்விட்டாள். பஸ் சத்தம் கேட்டபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தோள் சாயும், தோள் சாய்ந்தால் வீச்சு கலையும்.

அதன்பிறகு சாப்பாடு கொண்டுவந்தது அவன் அக்கா எஃபி. தபால் ஆபீசில் வேலை பார்த்தவள், நாக்கு கூர்மை. "உனக்குச் சோறு ஊட்டறதுக்குத்தான் நான் கல்யாணமே பண்ணிக்காம இருந்தேன்போல" என்பாள். 1986இல் வெள்ளம் வந்து தண்ணீர் அவன் கழுத்தை எட்டியபோது, கயிறு கட்டிய படகில் போய் இரண்டு நாள் அவன் தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். அந்த இரண்டு நாளும் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள் என்று கயிறு பிடித்தவர்கள் சொன்னார்கள்.

அதே வருடம் நூல் கடலை அடைந்தது. கடலுக்கு மேல் அது எவ்வளவு வேகமாகப் போனது என்று யாரும் அளக்கவில்லை. பக்கி துறைமுகத்துப் படகுக்காரர்கள் பாய்மரத்துக்கு மேல் ஒரு நூலைப் பார்த்ததாகவும், அதில் கடற்பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குப் போகும் ஹெலிகாப்டர்களுக்குப் புதிய பாதை போட்டுக் கொடுத்தார்கள். 1989 செப்டம்பரில் ஒரு படகுத் தலைவன் தபால் ஆபீசுக்கு வந்தபோது, தான் நூலைப் பார்த்த மூன்று இடங்களையும் எஃபியின் வரைபடத்தில் பென்சிலால் குறித்தான். அவன் போனதும் எஃபி ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். கோடு எங்கே போகிறது என்று பார்த்தாள். தபால் ஆபீசைப் பூட்டிவிட்டு நேராக ஆற்றுக்கு வந்தாள்.

"அடேய், உன் நூல் எங்க போயிட்டிருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குப் பின்னால என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஹெக்ராவிக்குக்குப் போகுதுடா. நேரா. ஒரு முடி விலகல."

ஆறு வருடத்தில் முதல்முறையாக அவன் கை நடுங்கியது. ஒரே ஒரு தடவை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை, இருந்த இடத்திலேயே நடுங்கியது. அந்த நடுக்கம் கோலின் வழியே ஏறி நூலில் ஒரு சிற்றலையாக இறங்கி, ஊரைத் தாண்டிப் போனது. புகைபோக்கியில் உட்கார்ந்திருந்த காகங்கள் அது கடந்தபோது எழுந்து, கடந்தபின் உட்கார்ந்தன.

"அவளுக்கு எழுதட்டுமா?" என்றாள் எஃபி.

"வேண்டாம்க்கா. பாதி வழியில எதையும் சொல்லக்கூடாது."

"இந்த வாயை வச்சிக்கிட்டு எப்படித்தான் அவ பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தினாளோ" என்று எஃபி சூப்பை அவன் வாயில் ஊற்றினாள்.

இஷ்பெல் இதற்குள் நோர்வே மொழியில் கோபப்படக் கற்றுக்கொண்டிருந்தாள். ஹெக்ராவிக் ஆற்றின் மேல் சரிந்த புல்வெளியில் அவள் பள்ளி நன்றாக நடந்தது. அங்கே அவளே சொல்லவும் வேண்டியிருந்தது. டூகலின் சொற்களைத்தான் சொன்னாள், ஒவ்வொரு முறையும் எரிச்சலோடு. ஹால்வார்ட் என்ற படகோட்டியோடு இரண்டு குளிர்காலம் சேர்ந்து வாழ்ந்தாள். நல்ல மனிதன், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்பவன். அந்த உறவு நிலைக்கவில்லை. யார் மேலும் குற்றமில்லை. மனைவி என்ற சட்டப்படியான பெயரை அவள் நீக்கிக்கொள்ளவும் இல்லை, யாராவது கேட்டால், "புருஷன் ஸ்காட்லாந்துல இருக்கான். வேலையா இருக்கான்" என்பாள்.

1992 ஜூன் ஒன்பதாம் தேதி காலை, எட்டு மாணவர்களுக்கு அவள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, மேற்கே மலைக்கு மேலிருந்து நூலின் மடிப்பு உருண்டு வந்தது. வானத்தில் பெரிதாகத் தெரிந்தது, கீழே வர வரச் சிறுத்தது. கடைசிச் சில கஜங்களை எல்லா நூலும் போகும் வேகத்தில் கடந்து, புல்வெளிக்கு மேல் அவள் தலை உயரத்தில் நேராகி நின்றது. முனையில் டூகல் கட்டிய ஈ. நீலப் பட்டு, பழுப்பு இறகு. உப்புப் படிந்திருந்தது.

மாணவர்கள் கைதட்டினார்கள். இஷ்பெல் தட்டவில்லை. பின்வீச்சு நேரான அந்த நொடி என்றால் என்ன என்று அங்கிருந்தவர்களிலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அடுத்தது முன்வீச்சு. இப்போது அவன் கை முன்னால் போகும், நூல் வந்த வழியே திரும்பிப் போகும், ஸ்பேயின் மேற்குக் கரையில் போய் விழும். அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை பரபரத்தது. ஆனால் வீசுகிறவனின் நூலை ஆசிரியர் தொடக்கூடாது. முப்பது வருடமாக அவள் தொட்டதில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்த அலை வந்து சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் புறப்பட்டது, கடல் முழுக்கக் கடந்து, இப்போது அவள் கண்ணெதிரே நூலின் நுனிவரை ஓடி ஈயை இரண்டு முறை ஆட்டிவிட்டு நின்றது. கை செய்ததை நூல் மறைக்காது. இஷ்பெலுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

"என்ன அது?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற போர்ஹில்ட்.

"கை நடுங்கியிருக்கு" என்றாள் இஷ்பெல். "அவனுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்ல." புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அதே நேரம் டால்வாரனில் டூகலின் கோல் வளைந்தது. வளைவதைப் பாலத்தின் மேலிருந்து முதலில் பார்த்தது தபால் வண்டிக்காரர். கால் மணி நேரத்தில் ஊர் முழுக்கக் கரையில் இருந்தது. ஆலையில் வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது வருடமாக இந்த முன்வீச்சைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் அவர்கள். அது மேற்குக் கரையைத் தாண்டி அயர்லாந்துவரை போகும் என்று சிலர் பந்தயமே கட்டியிருந்தார்கள். ஆர்மரோடும் இருந்தார். சான்றிதழுக்காக நான்காவது அல்லது ஐந்தாவது முறையாக அந்த வாரம் வந்திருந்தார்.

"பாரம் ஏறிடுச்சு மிஸ்டர் கெடிஸ்! இப்ப வீசுங்க!" என்று தேர்வாளர் சொல்லக்கூடாததை அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கத்திவிட்டார்.

டூகல் வீசவில்லை. கோலைக் காதருகே வைத்திருந்தபடியே, இடது காலை ஆற்றின் அடியிலிருந்து பிடுங்கி ஒரு அடி பின்னால் வைத்தான். பிறகு வலது கால். நூல் தொய்ந்த அளவுக்கு இடது கையால் சுருளைச் சுற்றினான். இன்னொரு அடி பின்னால். அப்படியே முதுகு முன்னால் போக, கரையேறி, விலகி வழிவிட்ட கூட்டத்தின் நடுவே, நூல் போன திசையில் போனான். முழங்கால்கள் இரண்டும் துருப்பிடித்த கதவுபோலச் சத்தமிட்டன. எஃபி ஒரு பக்கம் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இது என்ன? இது வீச்சுலயே சேராதே" என்றார் பாதிரியார்.

"சேரும்" என்றார் ஆர்மரோட். "கை நின்ன பிறகு, போன நூலோட திசையில கோலும் கூடவே போறது. அதுக்குத் தொடர்தல்னு பேரு. குத்தமில்ல. நல்லா வீசறவங்க செய்யறதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இவ்வளவு தூரம் யாரும் செஞ்சதில்ல" என்றும் சொன்னார். அட்டையில், முன்வீச்சு: தேவைப்படவில்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பந்தயம் கட்டியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

ஆற்றிலிருந்து பக்கி துறைமுகம்வரை நூலைச் சுற்றிக்கொண்டே நடந்து போக நான்கு நாளானது. ஒரு மீன்படகு அவனை ஏற்றிக்கொண்டது. படகின் பின்பக்கத்தைப் பார்த்து நின்று, தலைக்கு மேல் பின்னால் போகும் நூலை அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். ஹெக்ராவிக்கில் ஈ அதே இடத்தில் அசையாமல் நின்றது. முதல் நாள் இஷ்பெல் அது போய்விடும் என்று காத்திருந்தாள். மூன்றாம் நாள், போகாது என்று அவளுக்குப் புரிந்தது. மாணவர்களை அதைச் சுற்றிக்கொண்டு நடக்கச் சொல்லிவிட்டு வகுப்பைத் தொடர்ந்தாள்.

பதினோராம் நாள் பிற்பகல் டூகல் முதுகைக் காட்டியபடியே சரிவில் ஏறி வந்தான். கடைசி நூலையும் சுற்றி முடித்து, ஈயைக் கோலின் கைப்பிடி வளையத்தில் மாட்டிவிட்டு, ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத் திரும்பினான். தாடி நரைத்திருந்தது. அவள் தலையும்தான்.

"கேட்டியே இஷ்பெல்" என்றான். "நானும் வர்றேன்."

"வந்து நிக்கிறவன் சொல்ற பேச்சா இது?"

"வாயால சொல்லலன்னு நாளைக்கு நீ சொல்லுவ."

அவள் சிரிக்கக்கூடாது என்று இருந்தாள், முடியவில்லை. பிறகு சிரிப்பு நின்றது. ஹால்வார்டைப் பற்றி, இரண்டு குளிர்காலத்தைப் பற்றி, அங்கேயே, அவன் உட்காருமுன்னால் சொன்னாள். டூகல் மலைகளுக்கிடையே புகுந்த ஃபியோர்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். மனிதர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் நேரம்தான், அதற்கு மேல் இல்லை.

"சரி" என்றான். "எனக்குக் கால் வலிக்குது. நாற்காலி இருக்கா?"

இருந்தது. அதன்பிறகு பதினாறு வருடம் அவர்கள் அங்கே பள்ளி நடத்தினார்கள், அவள் வீசினாள், அவன் சொன்னான். அவன் வீசிய மற்ற வீச்சுகள் எல்லாம் மற்றவர்களுடையதுபோல ஒன்றிரண்டு நொடியில் முடிந்தன. டால்வாரனில் அவன் நின்ற இடத்தில் ஸ்பே ஆறு இன்றும் இரண்டு கால்களைச் சுற்றிப் பிரிந்து, கீழே போய்ச் சேர்ந்துகொள்கிறது. நடுவில் பார்த்தால் எதுவும் இல்லை. இல்லாத அந்தக் கால்களின் மறைவில் சால்மன்கள் ஒதுங்கி இளைப்பாறும். அங்கே மீன் பிடிக்க வருகிறவர்கள் இடித்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.